கூட வந்த அம்மா

செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிவிட்ட பெண்மணி, ஆற்றங்கரை லாட்ஜில் கணவரோடு ரூம் எடுத்துத் தங்கிவிட்டு இன்று காலைதான் கிளம்பிப் போனாள் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். உதவியாளன் வெடிக்கும் வந்தது.

"மேடம், இந்த ஊர்க் காத்து அவ்வளவு நல்லதா? போனவங்களே திரும்பி வந்து ரூம் போடறாங்களே!"

மேடம் லாட்ஜ் மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துப்பறியும் தொழிலில் இருப்பவர்கள் இவர்கள் இருவரையும் சேர்த்து 'ஊசிவெடி' என்பார்கள். ஒல்லியாக, அளந்து பேசிக்கொண்டு, எதையும் ஒருமுறை குத்திப் பார்க்காமல் நம்பாதவள் ஊசி. அவளுடைய உதவியாளன், வாயைத் திறந்தால் படபடவென்று பொரிகிறவன், வெடி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே வேறு யாரையோ என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

விவகாரம் இதுதான். ரிடையரான ரயில் டிரைவர் ஒருவர். மனைவி போனபிறகு மகளோடு இருந்தார். கொஞ்ச காலமாக நினைவு தப்பித் தப்பி வந்தது. காலில் செருப்பைப் போட்டுக்கொண்டே செருப்பைத் தேடுவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் சாப்பாடு எங்கே என்பார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கதவைக்கூடச் சாத்தாமல் எங்கோ கிளம்பிப் போய்விட்டார். பீரோவில் இருந்த மனைவியின் தங்கச் சங்கிலியும் அவரோடு போயிருந்தது.

மகள் கணக்கு டீச்சர். அழுது புரளவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. நேராக ஊசியின் ஆபீசுக்கு வந்து, அப்பாவின் உயரம், நிறம், கட்டியிருந்த வேட்டி வரைக்கும் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனாள். இன்று காலை அவளுக்கு இந்த லாட்ஜிலிருந்து போன் வந்தது. "உங்கப்பாவோட கண்ணாடிக் கூடு இங்கயே இருக்கும்மா. உள்ளே உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. அப்பாவும் அம்மாவும் ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பிட்டாங்க."

அம்மாவா?

டீச்சர் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நினைவு தடுமாறும் மனுஷர், கையில் தங்கம், நடுவில் ஒரு 'அம்மா'. எவளோ ஒருத்தி, நான்தான் உன் பெண்டாட்டி என்று சொல்லி ஒட்டிக்கொண்டுவிட்டாள்! "அந்தப் பொம்பளையப் பிடிச்சு வைங்க மேடம். நான் அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்" என்று ஊசிக்குப் போன் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போனிலேயே தெரிந்தது.

அப்படித்தான் ஊசிவெடி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

"அந்த அம்மா எப்படி இருப்பாங்க?" ஊசி கேட்டாள்.

"நல்ல மாதிரிங்க. அமைதியான டைப்பு" என்றார் மேனேஜர்.

"உயரமா, குட்டையா?"

மேனேஜர் கன்னத்தைச் சொறிந்தார். "நடுத்தரம்னு வெச்சுக்குங்களேன். நான் அப்போ போன்ல இருந்தேன். ஐயாதான் உள்ளே வந்து, 'மாடி வேண்டாம், அவளுக்கு முட்டி வலி'ன்னார். கீழ் ரூமையே குடுத்தேன். தலையணை ரெண்டு, டீ ரெண்டுன்னு பார்த்துப் பார்த்துக் கேட்டார். பெண்டாட்டிய அப்படித் தாங்கற ஆளை நான் பார்த்ததில்லைங்க. என் வீட்டுக்காரி மட்டும் பார்த்திருந்தா, எனக்கு ஒரு வாரத்துக்கு அடுப்பு மூட்டியிருக்க மாட்டா."

ரூம் இன்னும் பெருக்கப்படாமல் இருந்தது. பெரிய கட்டில். ஓரத்தில் ஒரு ஆள் ஒடுங்கிப் படுத்திருந்த தடம் தெரிந்தது. ஃபேனுக்கு நேராக இருந்த முக்கால் கட்டில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. மேஜைமேல் இரண்டு டீ கிளாஸ்கள். ஒன்று காலி. இன்னொன்று நிறைய இருந்தது. ஆறிவிடாமல் ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தது.

"திருடி பலே உஷார் மேடம்" என்றான் வெடி. "டீயில மயக்க மருந்து இருக்குமோன்னு தொடவே இல்ல. திருடனுக்குத்தானே அடுத்தவன்மேல சந்தேகம் வரும்!"

ஊசி பாத்ரூமுக்குள் போனாள். சோப்பைப் பார்த்தாள். தண்ணீர் போகும் ஜாலியைக் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து தலையணை உறைகளைத் தடவினாள்.

"ஒரு பொம்பளை தங்கிக் குளிச்ச ரூமாம் இது. சோப்புல முடி இல்ல, ஜாலியில முடி இல்ல, தலையணையில இல்ல."

"மொட்டை போட்டிருப்பாளோ?"

"உங்க அக்கா குளிச்சுட்டு வந்ததுக்கப்புறம் உங்க வீட்டு பாத்ரூமைப் பார்த்திருக்கியா?"

"அதை வெச்சு ஒரு சவுரியே கட்டலாம் மேடம்."

"அதைத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். என்ன சொல்கிறாள் என்று வெடிக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் உதவியாளன் வேலைதான் என்று அவன் காரை எடுத்தான்.

*

சின்ன ஊர். ஒரே ஒரு பெரிய தெரு. அதுவும் நேராக ஆற்றில்தான் போய் முடிந்தது. இரண்டு பக்கமும் சைக்கிள் கடை, தையல் கடை, பூட்டிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகை. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று இடம்தான். தொங்கு பாலம், பாறைமேல் இருக்கும் பழைய காவல் கோபுரம், ஆற்றுக்கு நடுவில் பறவைகள் அடையும் தீவு. மூன்றுக்கும் பெரியவர் வழி கேட்டுக்கொண்டு போனதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. தொங்கு பாலத்து முனையில், காமிராவுக்கு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோக்காரர் நின்றிருந்தார். பெரியவரின் அடையாளத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"மறக்க முடியுமா? புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் நான்தான் எடுத்தேன். வாயைத் திறந்து சொன்னா கேக்கவே மாட்டேங்கறார். 'ஐயா, நடுவுல வந்து நில்லுங்க'ன்னா, 'நான் ஓரமா நிக்கறேன், அவ நல்லா விழணும்'ங்கறார்."

காமிராவில் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்.

பாலத்தின் ஒரு ஓரத்தில் பெரியவர் விறைப்பாக நின்றிருந்தார், யூனிபார்ம் போட்ட காலத்துப் பழக்கம்போல. இடது கையை நன்றாக நீட்டி ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பிடித்திருந்தார். குடைக்குக் கீழே பாலத்தின் பலகைகளும், அதற்கப்பால் ஆறும் மட்டும்தான் தெரிந்தன. பெரியவரின் வலது தோள் தொப்பலாக நனைந்து, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"பார்த்தீங்களா மேடம்!" வெடி துள்ளினான். "கிளிக் பண்ற நேரத்துல நழுவிட்டா. மூஞ்சி பதியக் கூடாதாம். இவ கைதேர்ந்தவ. பழைய கேஸ் நாலஞ்சு இருக்கும்."

ஊசி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த அம்மாவை நீங்க பார்த்தீங்களா?"

"பின்னே?" என்றார் போட்டோக்காரர். அப்புறம் நெற்றி சுருங்கியது. "அதாவது... வந்துக்கிட்டே இருக்கா, நீ எடுன்னார். எனக்கும் மழை. எடுத்துட்டேன்."

காருக்குத் திரும்பும்போது ஊசியின் நடை மெதுவாகியிருந்ததை வெடி கவனித்தான். துப்புக் கிடைத்தால் வேகமாக நடக்கிறவள் அவள்.

*

காவல் கோபுரத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் ஜன்னலுக்குப் பின்னால் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அவரா? மத்தியானம்தான் இறங்கிப் போனார். பாவம், அந்த அம்மாவுக்கு மேலே ஏற முடியல போல. 'முட்டி வலிக்கும், நீ கீழயே உக்காரு, நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்'னு சொல்லிட்டுத் தனியா ஏறினார். இறங்கி வந்து பெஞ்சுல உக்காந்து ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டே இருந்தார். ஆறு எப்படி வளையுது, ரயில் பாலம் மேலேருந்து பார்த்தா தீக்குச்சி அடுக்கின மாதிரி எப்படி இருக்கு... நான் இத்தனை வருஷமா இங்க இருக்கேன், எனக்கே ஒரு தடவை ஏறிப் பார்க்கணும்போல ஆயிடுச்சு."

"பெஞ்சு இங்கேருந்து தெரியுமா?" என்று ஊசி கேட்டாள்.

"அந்த மரம் மறைக்கும். சத்தம் மட்டும் கேக்கும்."

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்க..." டிக்கெட் அம்மாளின் பின்னல் ஊசிகள் நின்றன. "அதிகம் பேசல." கொஞ்சம் யோசித்தாள். கையிலிருந்த கம்பளி மடியில் இறங்கியது. "ஒண்ணுமே பேசலியேம்மா."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெடி ஆரம்பித்தான். "ஊமையா நடிக்கறா மேடம். குரல் வெச்சுக் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு..."

"வெடி, போட்டோவுல அவர் ஏன் நனைஞ்சிருந்தார்?"

"குடையை அவளுக்குப் பிடிச்சதால."

"அவ நழுவின நிமிஷத்துல குடை அவர் பக்கம் வந்திருக்கும். தோள் அவ்வளவு நனையணும்னா, வழியெல்லாம் அப்படியே பிடிச்சுக்கிட்டு நடந்திருக்கார். படத்துல குடைக்குக் கீழே இருந்த பலகையும் காலடி படாம இருந்துச்சு. டீயை யாரும் தொடல. கட்டில் கலையல. தலைமுடி ஒண்ணு கிடையாது. மூணு பேரைக் கேட்டோம். மூணு பேரும் அவரைத்தான் பார்த்தாங்க. அவர் அவ்வளவு நல்லா கவனிச்சுக்கிட்டதால, கூட ஒரு ஆளையும் பார்த்ததா நெனச்சுக்கிட்டாங்க."

வெடியின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை அவன் விழுங்கினான். முள்ளை விழுங்குகிற மாதிரி இருந்தது.

"அப்போ... திருடி?"

"எந்தத் திருடியும் இல்ல."

"சங்கிலி?"

"பெண்டாட்டியோட வெளியூர் கிளம்பற புருஷன், அவ நகையை எடுத்து வெச்சுக்கிட்டா அது திருட்டா?"

கண்ணாடியில் தூறல் வழிந்தது. ஊசி டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே டீச்சரின் குரல் வந்தது. "பிடிச்சுட்டீங்களா?"

"வந்ததும் பேசலாம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அப்பா வீட்டுல அம்மாவைக் கேப்பாரா?"

"தினம் காலைல எழுந்ததும் கேப்பார்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்வேன். அம்மா செத்துட்டாங்கப்பான்னு. நான் கணக்கு டீச்சர் மேடம். தப்பான விடைக்கு சரின்னு போட எனக்குக் கை வராது."

"அவர் என்ன பண்ணுவார்?"

பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "அப்பதான் கேள்விப்படற மாதிரி அழுவார்" என்றாள் டீச்சர். "எனக்கு அதுக்கெல்லாம் நேரம் கிடையாது மேடம். ஸ்கூலுக்குக் கிளம்பணுமே."

போனை வைத்த பிறகு ஊசி வெடியைப் பார்த்தாள். "இனி பாக்கி இருக்கறது தீவு. படகுத்துறைக்கு விடு. அவரைப் பார்த்தா அந்த விஷயத்தை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிடாதே. இன்னிக்கு உன் வாய்க்கு லீவு."

*

படகுத்துறை இரண்டாக இருந்தது. மேல்துறை, கீழ்த்துறை. அணையைத் திறந்துவிட்டதாகச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊசி மேல்துறைக்கு ஓடினாள். வெடி கீழ்த்துறைப் படிகளில் இறங்கினான்.

அவர் அங்கேதான் இருந்தார். தண்ணீருக்குச் சற்று மேலே, படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழுப்பு நிறச் சால்வையை மடித்து இடம் பிடித்து வைத்திருந்தார். அதன்மேல் ஒரு கைக்குட்டைப் பொட்டலம். முடிச்சுக்குள்ளிருந்து தங்கச் சங்கிலியின் நுனி எட்டிப் பார்த்தது.

"அங்க உக்காராதீங்க தம்பி" என்றார் பெரியவர் மரியாதையாக. "ஆள் வருது."

வெடி ஒரு படி தள்ளி உட்கார்ந்தான். "யாருங்க ஐயா?"

"என் வீட்டுக்காரி. கை கழுவிட்டு வர்றேன்னு போனா." அவர் தூரத்து ரயில் பாலத்தைக் காட்டினார். "அது மேல நான் வண்டி ஓட்டியிருக்கேன். தாண்டும்போதெல்லாம் இந்த ஊர் விளக்கு தண்ணியில ஆடறது தெரியும். ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள பாலம் முடிஞ்சுடும். வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்வேன். 'ஒரு நாள் அங்க இறங்கிப் பாக்கணும்'பா. 'லீவு கிடைக்கட்டும்'பேன். லீவு எங்க கிடைச்சுது? இப்பதான் கிடைச்சுது."

"வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

பெரியவர் தயங்கினார். குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு தம்பி. நல்ல பொண்ணுதான். சோறு போடுது, மாத்திரை குடுக்குது. ஆனா தினம் காலைல வந்து ஒரு கெட்ட சேதி சொல்லுது. என்ன சேதின்னு ஞாபகம் நிக்க மாட்டேங்குது. வலி மட்டும் நிக்குது. நாள் பூரா நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கும். எதுக்குன்னே தெரியாது. அதான் அவளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

வெடி ஆற்றைப் பார்த்தான். அவனுடைய காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தான். தண்ணீர் படியேறி வந்திருந்தது.

"ஐயா, தண்ணி ஏறுது. மேலே போயிடலாம் வாங்க."

"அவ வந்து தேடுவாளே."

"மேலேயே பார்த்துக்கலாம். எந்திரிங்க."

மேலே நின்ற படகுக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். "அய்யோ, ஏறி வாங்கய்யா! இனிமே கிடுகிடுன்னு ஏறும்!"

பெரியவர் எழுந்தார். ஆனால் மேலே வரவில்லை. தீவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, பயங்கரமான தெளிவு. "கோவக்காரி. நான் லேட் பண்றேன்னு முதல் படகுலயே ஏறிப் போயிட்டா. அங்க தனியா நிப்பா. அவளுக்குத் தண்ணின்னா பயம்." சொல்லிக்கொண்டே ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. சால்வை மிதந்து நகர்ந்தது. வெடி பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். கிழவர் என்று நினைத்தது தப்பு. ரயில் ஓட்டிய கை அது. உதறிக்கொண்டு இடுப்பளவு ஆழத்துக்குப் போய்விட்டார். காலடியில் படி பாசி பிடித்து வழுக்கியது.

"விடு தம்பி! அவ நிக்கறா!"

"அவங்க அங்க இல்லைங்க!"

"உனக்கென்ன தெரியும்?"

"அவங்க செத்துட்டாங்கய்யா!" வெடி கத்தினான். "உங்க வீட்டுக்காரம்மா செத்து ஒரு வருஷம் ஆச்சு!"

கை தளர்ந்தது. அத்தனை பலமும் எங்கே போனதென்று தெரியவில்லை. வெடி அவரை ஒரு மூட்டையைத் தூக்குவதுபோல அணைத்து மேலே இழுத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் படகுக்காரர் கைகொடுத்தார். பெரியவர் வாயைத் திறந்திருந்தார். சத்தம் வரவில்லை. அந்தக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் எப்படியோ அவர் உள்ளங்கையில் இருந்தது.

*

துறைக்கு மேலே ஒரு டீக்கடை. கடைக்காரர் அடுப்பை ஒட்டிப் பெஞ்சைப் போட்டு, துண்டு கொடுத்தார். பெரியவர் தலையைத் துவட்டிக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தது. எதிரில் வெடி, சேற்றுக் காலோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சீக்கிரம் மறந்துவிட மாட்டாரா என்று இருந்தது அவனுக்கு. இந்த மனுஷருடைய மறதிக்காக அவன் அப்போது வேண்டிக்கொண்ட மாதிரி வாழ்க்கையில் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

ஆனால் பெரியவரின் உதடு எதையோ முணுமுணுத்தது. வெடி காதைக் கொடுத்துக் கேட்டான்.

"மறந்துடக் கூடாது... மறந்துடக் கூடாது..."

"எதை ஐயா?"

அவர் நிமிர்ந்தார். "என் பொண்ணுக்குத் தெரியாதே தம்பி. அவளுக்கு நான்தானே சொல்லணும்? வேற யாராச்சும் போட்டு உடைச்சுடப் போறாங்க. அம்மான்னா அவளுக்கு உசிரு." மறுபடியும் முணுமுணுக்க ஆரம்பித்தார். கையிலிருந்து நழுவப் பார்க்கும் ஒன்றை இறுக்கிப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டார்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டீச்சரை அழைத்துவரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த ஊசி அவளோடு வந்தாள். வழியிலேயே ஊசி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்; டீச்சரின் முகத்திலிருந்து அந்தக் கடுகடுப்பு போயிருந்தது. வெறும் களைப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

பெரியவர் அவசரமாகத் துண்டால் முகத்தைத் துடைத்தார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார்.

"வாம்மா. இப்பதான் ஸ்கூல் விட்டுச்சா? சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"கடைக்காரரே, என் பொண்ணுக்கு ஒரு பன்னு, டீ. சர்க்கரை தூக்கலா." வெடியைப் பார்த்து, "முதல்ல சாப்பிடட்டும்" என்று மெல்லச் சொன்னார். "சேதி கேட்டா தொண்டையில இறங்காது."

டீச்சர் உட்கார்ந்தாள். பன்னைப் பிட்டு வாயில் போட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தபடி இருக்க. அவள் முழுசாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தார். அப்புறம் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மனசைத் திடப்படுத்திக்கம்மா. அம்மா போயிட்டா."

டீச்சர் வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும்பா என்று அவள் சொல்லப் போகிறாள் என்று வெடி நினைத்தான். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். அவள் ஊசியைப் பார்த்தாள், அப்பாவின் நனைந்த தலையைப் பார்த்தாள்.

"எப்போப்பா?" என்று கேட்டாள்.

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. கடைசி நேரத்தில் அம்மாவோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். பரீட்சை ஹாலில் இருந்த அவளுக்குத் தகவல் வந்து, ஓடிவந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டுக் கேட்டு, அவருக்கே நினைவில்லை என்று தெரிந்து, கேட்பதையே விட்டுவிட்டாள். ஊசியிடம் அவள் பின்னால் சொன்னது இது. இப்போது அவள் மூச்சு விடாமல் கேட்டாள்.

"கஷ்டப்பட்டாங்களாப்பா?"

"இல்ல. தண்ணி கேட்டா. ஸ்பூன்ல குடுத்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னா. உன்னை எங்கேன்னு கேட்டா. கூப்பிடட்டுமான்னேன். வேண்டாம், பசங்க பரீட்சை கெட்டுடும்னா." அவர் ஒவ்வொரு சொல்லையும் இருட்டில் கைவிளக்கு பிடித்துத் தேடுவதுபோல எடுத்துவைத்தார். "அப்புறம் சொன்னா... 'அவ வந்து அழுவா. தைரியமா இருன்னு சொல்லித் திட்டாதீங்க. அழ விடுங்க'ன்னா. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டா."

டீச்சர் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அம்மா போன அன்றைக்கும் சரி, அதற்கப்புறம் வந்த எந்தக் காலையிலும் சரி, அவள் அழுததே இல்லை. இப்போது வந்த அழுகை சின்னக் குழந்தையின் அழுகை. கடைக்காரர் கண்ணாடி கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வெளியே போனார். ஊசி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வெளியே மழை வலுத்தது. அவர் மழையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். விரல்கள் மெல்லத் தளர்ந்தன. நெற்றியிலிருந்த சுருக்கம் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தோளில் கிடந்தவளைக் குனிந்து பார்த்துவிட்டு, வெடியை ஜாடை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி," என்று ரகசியமாகக் கேட்டார், "இந்தப் பொண்ணு எதுக்கு இப்படி அழுவுது?"

வெடி ஊசியைப் பார்த்தான். ஊசிதான் திரும்பாமலே சொன்னாள். "அவங்க அம்மாவை நெனச்சு அழறாங்க ஐயா."

"அடப் பாவமே." பெரியவரின் கை மறுபடியும் அந்தத் தலைமேல் போனது. "அழட்டும். யாரும் திட்டாதீங்க."